எண்ணூறு ரூபாய் ஒயினும் அம்மாவின் மூக்கும்

கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு ஒயின் ஷாப் இருந்தது. அங்கே யாரும் ஒயின் வாங்கி நான் பார்த்ததில்லை. பிராந்தி, ரம், பீர், இவைதான் விற்றன. 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் ஊர்க்காரர்கள் அதை ஒயின் ஷாப் என்றே சொன்னார்கள். எனவே எனக்குச் சின்ன வயதில் ஒயின் என்பது ஒரு பானத்தின் பெயராக இருக்கவில்லை. சம்பளத்தன்று அப்பா போய் நிற்கும் இடத்தின் பெயராக இருந்தது.

அப்பா லோடு லாரி ஓட்டினார். குமுளி மலையேறிக் கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோவார். அவர் திரும்பும் இரவுகளில் அம்மா வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். "பிராந்தி. குவாட்டருக்கு மேல இருக்கு. சாப்பிடல" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாள். ரம் என்றால் அழுதுவிட்டுப் படுத்துவிடுவார். பிராந்தி என்றால் குழம்பில் உப்பில்லை என்று தட்டு பறக்கும். வெறும் வயிற்றில் குடித்திருந்தால் தம்பியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் அனுப்பிவிட வேண்டும், அரிசிப் பானைக்குள் இருக்கும் பணத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். குமுளியில் வாங்கிய ஏலக்காயை வாய் நிறைய மென்றுகொண்டு அவர் வருவதுண்டு. அம்மாவின் மூக்கு ஏலக்காயையும் தாண்டிவிடும்.

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா இறந்தார். மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம்.

இந்தக் கட்டுரை ஒயினைப் பற்றியது. விலை குறைந்த ஒயினை எப்படிச் சுவைப்பது, சுவைத்ததை எப்படிச் சொல்வது என்று நான் கற்றுக்கொண்டதைப் பற்றியது. ஆனாலும் அம்மாவின் மூக்கை விட்டுவிட்டு இதை என்னால் தொடங்க முடியவில்லை.

*

பெங்களூருக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், அலுவலகத்தின் சார்பில் ஒரு விருந்து கொடுக்க வேண்டியிருந்தது. மேசையில் நான்கு ஆண்கள், நான் ஒருத்தி. உணவகத்தில் மேசை பதிவு செய்ததும் நான்தான், பணம் கட்டப்போவதும் நான்தான். பரிமாறுபவர் ஒயின் பாட்டிலைத் திறந்து, எனக்குக் கீழே வேலை செய்த இளைஞனின் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் காத்து நின்றார். அவன் கோப்பையைச் சுழற்றினான், ஒரு வாய் குடித்தான், தலையாட்டினான். பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் ஊற்றினார்கள். பாட்டில் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தச் சடங்கு என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த இளைஞனுக்கும் அப்போது தெரியாதாம். "தலையாட்டணும்னு மட்டும் தெரியும் அக்கா" என்று பிறகொரு நாள் சிரித்தபடி சொன்னான்.

அன்று கோப்பையை மூக்கருகே கொண்டுபோனபோது எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவின் சட்டை வாடை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நசுங்கிய பழமும், பழப்பெட்டியில் பரப்பும் ஈர வைக்கோலும் சேர்ந்தது போன்ற ஒரு வாசனை வந்தது. அது அம்மாவின் சேலை வாசனை.

அம்மா திராட்சைத் தோட்டத்தில் பழம் வெட்டப் போவாள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் சொல்லும் வகை அது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து நட்டதாகச் சொல்வார்கள். மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள். பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கியபடி நின்று, கொத்தை வெட்டி, அழுகலையும் காயையும் கிள்ளி எறிந்துவிட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். எந்தக் கொத்து உள்ளுக்குள் புளிக்கத் தொடங்கிவிட்டது என்பதை அம்மா பார்க்காமலே சொல்வாள். அதற்கென்று தனிக்கூலி கிடையாது. பந்தல் ஏறி வேலை செய்த ஆண்களின் கூலிகூட அவளுக்குக் கிடைத்ததில்லை.

ஒயின் ஷாப்புக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் இடையில் ஒரு கிலோமீட்டர்தான் தூரம். ஒயின் திராட்சையில் செய்வது என்பதை அந்த விருந்தில்தான் என் உடம்பு புரிந்துகொண்டது.

*

சர்ச் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒயின் சுவைப்பது பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கினேன். சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் கூஸ்பெரி வாசனை வரும் என்று அதில் போட்டிருந்தது. அகராதியைப் பார்த்தேன். நெல்லிக்காய் என்றிருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஒவ்வொரு பாட்டிலிலும் நெல்லிக்காயைத் தேடினேன். கிடைக்கவில்லை. என் மூக்கில்தான் கோளாறு என்று நம்பினேன். அவர்கள் சொல்லும் கூஸ்பெரி வேறு செடி, வேறு குடும்பம், நம் நெல்லிக்கும் அதற்கும் உறவே இல்லை என்று பிறகு ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்தது. பிளாக்கரண்ட், கேசிஸ், வயலட் என்று அந்தப் புத்தகம் முழுக்க நான் மோந்தே பார்க்காத பொருள்கள். அதில் இன்னொரு வகைச் சொற்களும் இருந்தன. மென்மையான, லேசான ஒயின் என்றால் 'பெண்மை மிக்கது'. கனமான, துவர்ப்பான, பல வருடம் தாங்கக்கூடிய ஒயின் என்றால் 'ஆண்மை மிக்கது'. பந்தலுக்குக் கீழே ஒன்பது மணிநேரம் கைதூக்கி நின்ற ஒருத்தியின் மகளுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வராதா?

அந்தத் தோழி வங்கியில் வேலை பார்த்தாள். அவளும் நானும் வேறு நான்கு பெண்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத் தொடங்கினோம். ஒருத்தி பள்ளி ஆசிரியை, ஒருத்தி ஆய்வு மாணவி, ஒருத்தி தையல் கடை வைத்திருக்கிறாள், ஒருத்தி விவாகரத்து வழக்கில் அலைந்துகொண்டிருந்தவள். பெங்களூரில் பெண்கள் ஒயின் குடிப்பது என்றால் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் இருக்கும். எங்களிடம் அதற்கான பணமும் இல்லை, வீடும் இல்லை. அதனால் சில விதிகள் வைத்துக்கொண்டோம்.

எந்தப் பாட்டிலும் 800 ரூபாயைத் தாண்டக் கூடாது. வாங்கியவள் அதைச் செய்தித்தாளில் கழுத்துவரை சுற்றி, மேலே ஒரு துணிப்பையைப் போட்டு நூலால் கட்டிக் கொண்டுவர வேண்டும். வந்ததும் தையல்காரத் தோழி பைகளை இடம் மாற்றி வைத்து எண் ஒட்டுவாள். அதற்குப் பிறகு எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கண்ணாடித் தம்ளர். நடுவில் துப்புவதற்கு ஒரு எவர்சில்வர் வாளி. சிவப்பு ஒயினாக இருந்தாலும் எங்கள் ஊர் வெயிலுக்கு இருபது நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்துவிட்டு வர வேண்டும். மிக முக்கியமான விதி: எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருத்தி "மாம்பழம்" என்று சொல்லிவிட்டால் மற்ற ஐந்து பேரின் மூக்குக்கும் மாம்பழம் வந்துவிடும்.

முதலில் வெள்ளைத்தாளின் மேல் தம்ளரைச் சாய்த்து நிறம் பார்ப்போம். அசைக்காமல் ஒருமுறை மோந்து பார்ப்போம், பிறகு சுழற்றிவிட்டு மறுபடி. அதற்குப் பின் ஒரு சின்ன வாய். வாயில் எச்சில் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. ஈறும் நாக்கும் எவ்வளவு வறண்டு இழுக்கிறதோ அவ்வளவு துவர்ப்பு. துப்பிய பிறகு தொண்டையில் நிற்கும் சூடு ஆல்கஹால். பிறகு எத்தனை நொடி ருசி தங்குகிறது என்று மனதுக்குள் எண்ணுவோம். ஆங்கிலப் புத்தகம் டானின் என்றால் என்ன என்று விளக்க இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறது. எங்களுக்கு அறுசுவையில் ஒன்றாகவே துவர்ப்பு இருக்கிறது. வாழைப்பூ ஆய்ந்தவளுக்கு, பாக்கு மென்ற பாட்டியைப் பார்த்தவளுக்கு, நாவல்பழம் தின்று நாக்கை நீட்டிக் காட்டியவளுக்கு அந்த இரண்டு பக்கமும் தேவையில்லை.

*

எங்களுக்குச் சொற்கள் கிடைத்தது ஆன் நோபிள் என்ற பெண்மணியின் வழியில். அவர் வேதியியலும் சுவையறிவியலும் கற்றவர். 1974இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்பு, ஒயின் தயாரிப்புத் துறையில் சேர்ந்தார். அந்தத் துறை ஆசிரியராக எடுத்த முதல் பெண் அவர்தான். 1984இல் அவர் ஒயின் மணச் சக்கரத்தை வெளியிட்டார். நடு வட்டத்தில் பழம், காய், மசாலா, மரம் போன்ற பெரிய வகைகள் இருக்கும். வெளியே போகப்போக எலுமிச்சை, குடைமிளகாய், கிராம்பு என்று குறிப்பாகும். 'நேர்த்தியானது', 'பெண்மை மிக்கது' போன்ற சொற்களுக்கு அந்தச் சக்கரத்தில் இடமில்லை. ஒரு சொல்லைச் சொன்னால், அந்த வாசனையை எதிரில் இருப்பவளின் மூக்கிலும் காட்ட முடிய வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை.

காட்டும் வழியும் எளிமையானதுதான். அதிக வாசனை இல்லாத மலிவான ஒயினைச் சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்ற வேண்டும். ஒன்றில் குடைமிளகாய்த் துண்டு, ஒன்றில் இரண்டு கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல் போட்டு மூடிவைத்து, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துவிட்டு மோந்து பார்க்க வேண்டும். வாசனைக்கும் சொல்லுக்கும் முடிச்சு விழுந்துவிடும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இப்படிப் பதினான்கு தம்ளர் வைத்தோம். சக்கரத்தில் இல்லாதவற்றையும் சேர்த்தோம்: கொய்யா, நாவல்பழம், வறுத்த வெந்தயம், கருப்பட்டி, புளி, பச்சைக் கொத்தமல்லி விதை, பன்னீர் ரோஜா.

அன்று நிறையத் தெரிந்துகொண்டோம். மஸ்கட் திராட்சையின் மணத்துக்கு முக்கியக் காரணமான லினலூல்தான் கொத்தமல்லி விதையிலும் அதிகம் இருக்கிறது. ரசப்பொடி வறுக்கும்போது எனக்கு ஊர்த் தோட்டம் ஏன் நினைவுக்கு வந்தது என்பது அப்போது புரிந்தது. கேபர்னே சோவினியோனில் வரும் குடைமிளகாய் வாசனை கற்பனை இல்லை, இரண்டிலும் ஒரே வகைப் பொருள் இருக்கிறது. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணம் மிளகிலும் உள்ள ரோட்டண்டோன் என்ற பொருள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை 2008இல் அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அதை மோந்தறியவே முடியாது. எங்கள் பள்ளி ஆசிரியை அப்படி ஒருத்தி. "மிளகு எங்கடீ இருக்கு? எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றீங்க" என்று மாதக்கணக்கில் சண்டை போட்டவள். அவளுக்கு ருசி தெரியவில்லை என்று நாங்களும் கேலி செய்திருந்தோம். அன்று எல்லோரும் மன்னிப்புக் கேட்டோம். உடம்புக்கு உடம்பு மாறும், அதில் எதுவும் சரியான உடம்பு இல்லை என்று கூட்டங்களில் பேசுகிறோம். ஒரு தம்ளர் ஷிராஸ் வந்துதான் அதை எங்களுக்குள்ளேயே நம்பவைத்தது.

*

கண்ணை மறைத்துச் சுவைப்பது என்று இதைச் சொல்கிறார்கள். உண்மையில் கண் திறந்துதான் இருக்கிறது. மறைப்பது பெயரையும் விலையையும்தான். அவற்றுக்கு எவ்வளவு பலம் என்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு, வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் சொற்களைக் கொண்டே அதை வருணித்தார்கள் மாணவர்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. ஹில்க பிளாஸ்மன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒயினை 10 டாலர் என்று ஒருமுறையும் 90 டாலர் என்று ஒருமுறையும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது அது நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் கூடுதலாக இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையே நாக்கில் ருசியாகிவிட்டது.

1976 மே 24 அன்று பாரிஸில் நடந்த சுவைப்பு எல்லோரும் சொல்லும் கதை. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்தினார். அந்த யோசனை அவரோடு வேலை செய்த அமெரிக்கப் பெண் பட்ரீசியா காலகருடையது. ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் பெயர் தெரியாமல் மதிப்பெண் போட்டார்கள். வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னிய ஒயின்கள் முதலிடம் பெற்றன. முடிவு தெரிந்ததும் ஒடெட் கான் என்ற நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார் என்பதை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான் பெண் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நானும் முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தேன். எட்டு ஆண்கள் நடுவே ஒரு பெண் தவறினால், அது ஒருவரின் தவறாக முடியாது. 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்பதில்தான் போய் முடியும். அந்தத் தாளை ஒருவேளை நானும் திருப்பிக் கேட்டிருப்பேன்.

எங்கள் வீட்டுச் சுவைப்பில் யாரும் தாளைத் திருப்பிக் கேட்டதில்லை. ஒருமுறை எல்லோரும் மிகவும் புகழ்ந்த ஒயின் 450 ரூபாய் என்று தெரிந்தது. இன்னொரு முறை, சுட்ட ரப்பர் வாசனை என்று ஆறு பேரும் எழுதிய பாட்டில் அன்று இருந்ததிலேயே விலை கூடியது. வாங்கியவள் நான்தான். விவாகரத்து வழக்கு நடத்திய தோழி ஆரம்பத்தில் எந்தத் தம்ளருக்கும் "தெரியல" என்றே எழுதுவாள். பதினோரு வருடம் அவள் எதைப் பிடிக்கிறது என்று சொன்னாலும் "உனக்கு ரசனையே இல்லை" என்று கேட்டு வாழ்ந்தவள். ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள், "மூணாம் நம்பர் எனக்குப் பிடிக்கல. கொய்யா அழுகின மாதிரி இருக்கு" என்று எழுதினாள். மற்ற ஐந்து பேருக்கும் மூன்றாம் நம்பர் பிடித்திருந்தது. அவள் மாற்றிக்கொள்ளவில்லை. யாரும் மாற்றச் சொல்லவும் இல்லை.

*

ஒருமுறை காசு கட்டி ஒரு நாள் பயிற்சி வகுப்புக்குப் போனேன். நான் இரண்டு ஒயின்களைச் சரியாகக் கண்டுபிடித்ததும், பயிற்சி கொடுத்தவர், "பெண்களுக்கு இயற்கையிலேயே மூக்கு கூர்மை" என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்கு ஒட்டவில்லை. பால் திரிந்ததை, சோறு அடிப்பிடித்ததை, மாவு புளித்ததை, சிலிண்டர் கசிவதை, காய்ச்சல் பிள்ளையின் மூச்சை யார் மோந்து பார்க்க வேண்டும் என்று வீடுகளில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவளிடம் போய் இயற்கை என்று சொன்னால், அவள் பழகிய பழக்கத்துக்கு மதிப்பில்லாமல் போகிறது. வகுப்பில் பழகிய ஆணின் மூக்குக்குச் சான்றிதழ் உண்டு. வாசல்படியில் பழகிய அம்மாவின் மூக்குக்குத் தழும்பு உண்டு. அவளை யாரும் நிபுணர் என்று சொன்னதில்லை. நானும் அதுவரை சொன்னதில்லை.

போன வருடம் அம்மா கண் அறுவைசிகிச்சைக்காகப் பெங்களூர் வந்து என்னோடு இரண்டு மாதம் இருந்தாள். ஒரு ஞாயிறு மாலை தோழி வீட்டிலிருந்து திரும்பினேன். அம்மா கதவைத் திறந்தாள். நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்கு லேசாக விரிந்திருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

அந்த நொடியில் எனக்கு ஒரு பழைய ரோமாபுரிச் செய்தி ஞாபகம் வந்தது. பழங்காலத்தில் ரோமப் பெண்கள் ஒயின் குடிக்கக் கூடாது என்று பிளினி எழுதியிருக்கிறார். உறவினர்கள் வீட்டுப் பெண்களை முத்தமிடுவது அவர்கள் வாயில் ஒயின் வாடை வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் என்று கேட்டோ சொன்னதாகவும் குறித்திருக்கிறார். பீப்பாயிலிருந்து குடித்த மனைவியைத் தடியால் அடித்துக் கொன்ற கணவனை ரோமுலஸ் விடுவித்த கதையும், ஒயின் அறைச் சாவி இருந்த பெட்டியைத் திறந்ததற்காகப் பட்டினி போட்டுக் கொல்லப்பட்ட பெண்ணின் கதையும் அங்கே உண்டு. அதைப் படித்த நாளில் பெண்ணை மோந்து பார்க்கும் ஆண்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது என்னை மோந்து பார்த்து நிற்பவள் என் அம்மா. இவளிடம் எப்படிக் கோபப்படுவது? ரோமாபுரி ஆண்கள் தங்கள் சொத்தைக் காக்க மோந்தார்கள். அம்மா எங்கள் உயிரைக் காக்க மோந்தவள்.

"எத்தன?" என்று கேட்டாள்.

அப்பாவிடம் தினமும் கேட்ட கேள்வி. அதற்கு அவர் ஒருநாளும் உண்மை சொன்னதில்லை.

"ஆறு பாட்டில்ல கொஞ்சம் கொஞ்சம் ருசி பாத்துத் துப்பிட்டோம். கடைசில ஒரு டம்ளர் குடிச்சேன்."

அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். இரவு சாப்பிடும்போது நானே பேச்செடுத்தேன். ஔவையாரும் அதியமானும் சேர்ந்து கள் குடித்தது புறநானூற்றில் இருக்கிறது என்று சொன்னேன். மேடையில் கைதட்டு வாங்கும் வாக்கியம் அது.

"அதியமான் குடிச்சிட்டு வந்து அவள அடிச்சானா?"

"இல்ல."

"அப்ப அது வேற கத, தாயி."

அவள் சொன்னது சரி. எங்கள் வாளியில் துப்பும் ஒயினிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு ஆல்கஹால் இருக்கிறது. அப்பாவைக் கொன்ற பொருளும் அதுதான். கோப்பையும் சொற்களும் மாறியதால் அது வேறு பொருளாகிவிடவில்லை.

மறுநாள் மிச்சம் வைத்திருந்த பாட்டில்களை எடுத்து வைத்தபோது, அம்மா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பையைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தாள். "ஈரச் சாக்கு வாடை. இது கெட்டுப்போச்சு, எதுக்கு வச்சிருக்க?" முந்தைய நாள் அந்தப் பாட்டிலுக்கு 'மழை மண்', 'பழைய காகிதம்' என்றெல்லாம் நாங்கள் மரியாதையாக எழுதியிருந்தோம். கார்க் கெட்டுப்போன ஒயினில் ஈர அட்டை, பூஞ்சை வாடை வரும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆறு பேரும் படித்திருக்கிறோம். கெட்டுப்போனது என்று சொல்லும் தைரியம்தான் எங்களுக்கு வரவில்லை. உணவகத்தில் தலையாட்டிய அந்த இளைஞனைப் போலத்தான் நாங்களும் தலையாட்டியிருந்தோம்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. மூன்று தம்ளர் எடுத்தேன். இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். சுவைப்புப் பயிற்சியில் கொடுக்கும் சோதனை இது. கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்த அம்மாவுக்கு நிறம் தெரிய வழியில்லை. குடிக்க வேண்டாம், மோந்தால் போதும் என்றேன். சரியாகச் சொன்னாள். தம்ளர்களை இடம் மாற்றினேன். மறுபடியும் சரி. நான்கு முறை வைத்தேன், நான்கும் சரி. குத்துமதிப்பாகச் சொல்லி நான்கும் சரியாக வருவதற்கு வாய்ப்பு எண்பத்தொன்றில் ஒன்று. "இது நம்ம பன்னீர் பழம் மாதிரி. இது பழம் வெட்டுன கைய ரெண்டு நாள் கழுவாத மாதிரி" என்று சிரித்தாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாவதாக, ஓக் மரத்தோடு ஊறிய ஒரு சிவப்பு ஒயினை வைத்தேன். வனிலாவும் கருக்கிய சர்க்கரையும் வரும். அம்மா தம்ளரை மூக்கருகே கொண்டுபோய், உடனே கீழே வைத்தாள்.

"இதுல அந்த மனுசன் இருக்காரு."

எழுந்துபோய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். நெடுநேரம் கழுவினாள். நான் தம்ளர்களை எடுத்து வைத்தேன். திரும்பி வந்து, "எனக்கு எல்லா வாசனையும் தெரியும். தெரிஞ்சது போதும். உனக்குப் பிடிச்சா நீ பாரு. ஆனா எத்தனன்னு யாராச்சும் கேட்டா மறைக்காத" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்கின்றன. நோட்டில் நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு, விலை என்று இருந்த கட்டங்களோடு இப்போது கடைசியில் இன்னொரு கட்டம் சேர்ந்திருக்கிறது. அன்று யார் எவ்வளவு குடித்தோம் என்பதை அவரவர் கையால் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் எங்கள் சொற்பட்டியல் இருக்கிறது. கொய்யா, நாவல், கொத்தமல்லி விதை, குடைமிளகாய். அதன் கீழே அம்மாவின் சொற்கள் இரண்டைச் சேர்த்திருக்கிறேன். போன மாதம் ஒரு பாட்டிலைத் திறந்ததும் பள்ளி ஆசிரியை மோந்து பார்த்தாள். விதிப்படி எல்லோரும் எழுதும்வரை அவள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கவில்லை.

"ஈரச் சாக்கு" என்று சொல்லிவிட்டு வாளியில் கொட்டினாள்.